144 மதிப்புள்ள ஓட்டு

1969 ஆகஸ்டு 16, சனிக்கிழமை. புனித ஜார்ஜ் கோட்டையில் சட்டமன்ற உறுப்பினர்கள் வரிசையாக வந்து குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். சென்னை மாநிலம் என்ற பெயர் மாறி, தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது அந்த வருடம் ஜனவரி 14 அன்று. ஆகவே தமிழ்நாடு என்ற பெயரில் இந்த மாநிலம் போட்ட முதல் குடியரசுத் தலைவர் ஓட்டு அதுதான். அந்த ஓட்டு எந்தப் பக்கம் போயிற்று, அதனால் என்ன ஆயிற்று என்பதைப் பற்றி நம் ஊரில் பேசுவார் மிகக் குறைவு. பொதுஜனம் வாக்குச்சாவடியில் நிற்காத தேர்தல், கையில் மை வைக்காத தேர்தல். அதனால் நினைவில் தங்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு மறக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மவுண்ட் ரோடில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். வீடு தியாகராய நகர், உஸ்மான் ரோடை ஒட்டிய ஒரு சின்னத் தெரு.

கணக்கு என் பிழைப்பு. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். குடியரசுத் தலைவர் தேர்தலில் எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, அதை ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு வரும். 1961 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 3 கோடியே 36 லட்சத்துச் சொச்சம், இடங்கள் 234. ஆக ஒரு எம்.எல்.ஏ.வுக்கு 144. எல்லா மாநிலச் சட்டமன்றங்களின் மதிப்பையும் கூட்டி, நாடாளுமன்ற இரு அவை உறுப்பினர்களுக்குச் சரிசமமாகப் பிரித்தால் ஒரு எம்.பி.க்கு 576. சைதாப்பேட்டைத் தொகுதியின் எம்.எல்.ஏ.வான முதலமைச்சர் மு. கருணாநிதி 144. பரங்கிமலை எம்.எல்.ஏ. எம்.ஜி.ஆர். 144. தென்சென்னை எம்.பி. முரசொலி மாறன் 576. நாகர்கோவில் எம்.பி. காமராஜர் 576. பசுல்லா ரோடில் இருந்த ராஜாஜி எந்த அவையிலும் இல்லாததால் அவருக்கு ஓட்டே கிடையாது. ஆனால் அவருடைய சுதந்திராக் கட்சிக்கு 1967 தேர்தலில் நம் சட்டமன்றத்தில் இருபது இடங்கள் கிடைத்திருந்தன.

தேர்தல் ஏன் வந்தது என்றால், மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் வி.வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அவரையே காங்கிரஸ் நிறுத்தும் என்று பலர் எண்ணினார்கள். ஜூலை 12 அன்று பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தது. இந்திரா காந்தி அவரை விரும்பவில்லை. காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே. பாட்டீல், ஒய்.பி. சவாண் ஆகியோர் ரெட்டியின் பக்கம் நின்றார்கள். பிரதமரைக் குழுவில் தோற்கடித்துவிட்டு, அவரை வைத்தே ரெட்டியின் வேட்புமனுவிலும் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று வருடங்களுக்கு முன் இந்திராவைப் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்த கை காமராஜருடையது. அந்தக் கையே இப்போது எதிர்ப்பக்கம் உயர்ந்தது.

பதில் உடனே வந்தது. ஜூலை 16-இல் மொரார்ஜியிடமிருந்து நிதித் துறை பறிக்கப்பட்டது. ஜூலை 19, சனிக்கிழமை, பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் தற்காலிகக் குடியரசுத் தலைவர் கிரி. மறுநாள் அவர் பதவியை ராஜினாமா செய்துவிட்டுச் சுயேச்சையாகப் போட்டியிட இறங்கினார். அதே ஞாயிற்றுக்கிழமைதான் அமெரிக்கர்கள் நிலவில் இறங்கினார்கள். ஊர் முழுக்க நிலாப் பேச்சு. எங்கள் கிளையில் மட்டும் கிரிப் பேச்சு.

அதற்குக் காரணம் இருந்தது. பதினான்கில் இரண்டு வங்கிகள் சென்னையில் பிறந்தவை. ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து ஊர் மக்களின் சேமிப்பு நாசமான பிறகு, மைலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-இல் தொடங்கியது இந்தியன் வங்கி. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் தொடங்கியது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. சென்னை வங்கி ஊழியர் ஒவ்வொருவர் வீட்டிலும் அன்று ராத்திரி இதுவே பேச்சு. அதோடு கிரி எங்களுக்குப் புதியவரும் அல்ல. 1954-இல் அவர் நேருவின் தொழிலாளர் அமைச்சர். வங்கி ஊழியர்களின் சம்பளம் பற்றி நடுவர் மன்றம் சொன்ன தீர்ப்பை அரசாங்கம் குறைத்துத் திருத்தியபோது, அதை ஏற்க முடியாது என்று மந்திரி பதவியை விட்டுப் போனவர் அவர். எனக்கு முந்தைய தலைமுறை ஊழியர்கள் அதை நன்றியோடு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பதவிக்காக மனிதர்கள் எதையும் விழுங்குவதைப் பார்த்துப் பழகிய நாட்டில், எங்கள் சம்பளத்துக்காக ஒருவர் பதவியை விட்டார் என்பது சின்ன விஷயமா?

வீட்டில் கதை வேறு. அப்பா கதர் வேட்டி தவிர வேறு கட்டாதவர். திருமலைப் பிள்ளை ரோடில் காமராஜர் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய், வாசலில் நின்று, தலைவர் வெளியே வந்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். பேச வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை. மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரோ ராஜாஜி பக்தர். சுயராஜ்யா பத்திரிகை வாரம் தவறாமல் வரும்; சுதந்திராக் கட்சி ஆதரித்த சி.டி. தேஷ்முக்தான் அவருடைய வேட்பாளர். நான் வங்கி ஊழியர் சங்கத்துக்காரி. ஒரே வீட்டில் மூன்று வேட்பாளர்களுக்கும் ஆள் இருந்தோம்.

"கிரிக்கு ஓட்டுப் போட்டா தலைவருக்கு எதிரா போட்ட மாதிரிம்மா" என்பார் அப்பா.

"எனக்கு ஓட்டே இல்லையேப்பா" என்பேன்.

"மனசுல போட்டியே, அதைச் சொல்றேன்."

அந்தத் தேர்தலைத் தில்லிச் சண்டையாகவே புத்தகங்கள் எழுதுகின்றன. நான் அதை எங்கள் பேட்டையின் சண்டையாகவும் பார்த்தேன். ரெட்டியை முன்னிறுத்தியவர்களில் ஒருவரான காமராஜர் திருமலைப் பிள்ளை ரோடில். ஜனசங்கமும் சுதந்திராவும் ஆதரித்த வேட்பாளர் சி.டி. தேஷ்முக், சுதந்திராவின் தலைவர் ராஜாஜி பசுல்லா ரோடில். கிரியை ஆதரிக்க முடிவெடுத்த தி.மு.க.வின் தலைவர் கருணாநிதி கோபாலபுரத்தில். அப்போது ஜெமினி மேம்பாலம் கிடையாது. பனகல் பூங்காவிலிருந்து சைக்கிளில் கிளம்பினால் மூன்று வீட்டு வாசல்களையும் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிட்டு வரலாம்.

வேட்பாளர்களும் இந்த ஊருக்கு அந்நியர் அல்லர். அனந்தப்பூர் மாவட்டத்தில் பிறந்த சஞ்சீவ ரெட்டி பள்ளிப் படிப்புக்கு வந்தது அடையாறு தியாசபிகல் உயர்நிலைப் பள்ளிக்கு. பிறகு சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினர். குமாரசாமி ராஜாவின் மந்திரிசபையில் அமைச்சர். பெர்ஹாம்பூரில் பிறந்த கிரி 1937 தேர்தலில் பொப்பிலி ராஜாவையே தோற்கடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். அவரைத் தொழிலாளர் அமைச்சராக எடுத்துக்கொண்ட முதன்மை அமைச்சர் ராஜாஜி. முப்பத்திரண்டு வருடம் கழித்து அதே கிரிக்கு எதிராக இன்னொருவரை ஆதரித்தது ராஜாஜியின் கட்சி. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னரான தேஷ்முக் மராட்டியர்தான். ஆனால் அவருடைய மனைவி துர்காபாயை மைலாப்பூரும் அடையாறும் நன்றாக அறியும். ஆந்திர மகிளா சபாவைச் சென்னையில் உண்டாக்கியவர். அரசியல் நிர்ணய சபையில் சென்னையின் உறுப்பினர். அடையாறு பாலத்துக்கு இந்தப்பக்கம் உள்ள சாலை ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். அங்குள்ள ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இனி, தி.மு.க. ஏன் கிரியை ஆதரித்தது என்பதற்கு வருகிறேன். பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்தார். பத்தாம் தேதி கருணாநிதி முதலமைச்சரானார். ஆட்சிக்கு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் அவருக்கு முன்னால் நின்ற ஒரே பெரிய எதிரி காமராஜர். 1967-இல் விருதுநகரில் தோற்றவர், 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மறுபடி எழுந்து நின்றிருந்தார். காமராஜரின் வேட்பாளர் ராஷ்டிரபதி பவனுக்குப் போனால், அடுத்து இந்திராவின் நாற்காலி ஆடும். தில்லி முழுவதும் சிண்டிகேட் என்று அழைக்கப்பட்ட காங்கிரஸ் மூத்த தலைவர்கள் கைக்குப் போகும். மாநில அரசுகளைக் கலைக்கிற 356-ஆவது பிரிவு குடியரசுத் தலைவரின் கையெழுத்தில் இயங்குவது. இதையெல்லாம் யோசிக்காமல் ஒரு மாநிலக் கட்சி ஓட்டுப் போடாது. வங்கி நாட்டுடைமையை தி.மு.க. வரவேற்றது என்பதும் உண்மை. ஆக, கொள்கையும் கணக்கும் ஒரே திசையில் போயின. அரசியலில் அப்படி அமைவது அபூர்வம். அமைந்தபோது அதைப் பயன்படுத்திக்கொண்டதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. தி.மு.க.வோடு இரு கம்யூனிஸ்டுக் கட்சிகளும் முஸ்லிம் லீக்கும் அகாலி தளமும் கிரிக்கு நின்றன. காங்கிரஸ்காரர்கள் மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்ற குரல் பிரதமர் பக்கத்திலிருந்து எழுந்தது அதற்குப் பின்னால்தான்.

சிண்டிகேட்டும் சும்மா இருக்கவில்லை. காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா ஜனசங்கத்தையும் சுதந்திராவையும் அணுகி, தேஷ்முக்குக்கு முதல் ஓட்டுப் போடுகிறவர்கள் இரண்டாவது விருப்ப ஓட்டை ரெட்டிக்குத் தரட்டும் என்று கேட்டார். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதன் பொருள் பெரியது. 1967-இல் காமராஜரை வீழ்த்த தி.மு.க.வோடு சேர்ந்தவர் ராஜாஜி. அந்த ராஜாஜி கட்சியின் இரண்டாவது ஓட்டு இப்போது காமராஜர் வேட்பாளரின் பெட்டிக்குப் போகப் பார்த்தது. எங்கள் மாடி ஆசிரியரும் அப்பாவும் அந்த ஆகஸ்டில்தான் முதல் தடவையாக ஒரே திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

ஆகஸ்டு 20, புதன்கிழமை தில்லியில் எண்ணிக்கை. பதினைந்து வேட்பாளர்கள். முதல் சுற்றில் கிரி 4,01,515. ரெட்டி 3,13,548. தேஷ்முக் 1,12,769. வெல்வதற்கு வேண்டியது 4,18,169. யாருக்கும் கிடைக்கவில்லை. கடைசியிலிருந்து ஒவ்வொருவராக நீக்கி இரண்டாவது விருப்பங்களைப் பிரித்தார்கள். ரெட்டிக்குக் கூடியது ஏறக்குறைய 92,000. கிரிக்கு 18,562 மட்டுமே. அப்படியும் முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. இந்தியாவின் குடியரசுத் தலைவர் தேர்தல்களில் இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ணி முடிவு கண்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. நான் ஒரு பழைய லெட்ஜர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14,650 வித்தியாசத்தைத் தலைகீழாக்க, கிரியிடமிருந்து ரெட்டிக்கு 7,326 மதிப்பு மாற வேண்டும். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள் 51 பேர் மாறிப் போட்டிருந்தால் போதும்: 51 × 144 = 7,344. தி.மு.க.வுக்குச் சட்டமன்றத்தில் 130-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மக்களவை உறுப்பினர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பதின்மூன்று பேர் மாறினாலே போதும்: 13 × 576 = 7,488. 1967-இல் தி.மு.க. ஜெயித்த மக்களவை இடங்கள் 25. சட்டமன்றத்தையும் மக்களவையையும் சேர்த்தால் அந்தக் கட்சியின் பலம் 33,000-க்கு மேல். வித்தியாசத்தைப்போல இரண்டு மடங்கைத் தாண்டும். தராசின் முள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தீர்மானித்த படிக்கற்களில் ஒன்று தமிழ்நாட்டுடையது. வேறு சில கட்சிகளும் மாநிலங்களும் இதே உரிமையைக் கொண்டாட முடியும், மறுக்கவில்லை. காங்கிரசிலிருந்து கட்சி மாறிப் போட்டவர்கள் இல்லாமலும் கிரி ஜெயித்திருக்க முடியாது. ஆனால் தி.மு.க. எதிர்ப்பக்கம் நின்றிருந்தால் அவர் தோற்றிருப்பார் என்பது வெறும் கூட்டல் கழித்தல்.

பிறகு நடந்தது நாடறியும். நவம்பரில் இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள்; காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. பெரும்பான்மை இழந்த இந்திரா அரசைத் தாங்கிப் பிடித்த தோள்களில் தி.மு.க.வின் 25 பேரும் உண்டு. 1971 தேர்தலில் இந்திரா காங்கிரஸ் தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு ஒரு ஆளைக்கூட நிறுத்தாமல், மக்களவைக்கு மட்டும் தி.மு.க.வோடு கூட்டு வைத்தது. தி.மு.க.வுக்கு 184 சட்டமன்ற இடங்கள். காமராஜரும் ராஜாஜியும் வெளிப்படையாகவே கைகோத்து நின்றும் காமராஜர் கட்சிக்கு 15 இடங்கள்தான். தில்லியின் காங்கிரஸ் தமிழ்நாட்டில் சொந்தக் காலில் நிற்பதை விட்டு, பெரும்பாலும் ஒரு திராவிடக் கட்சியின் துணையோடு தேர்தலைச் சந்திக்கும் வழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. அதன் வேர் 1969 ஆகஸ்டில் இருக்கிறது.

காமராஜர் விஷயத்தில் என் மனம் இன்றும் ஆறவில்லை. பள்ளிக்கூடம் திறந்தவர், மதிய உணவு போட்டவர், இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்த தமிழர். தில்லியில் அவர் பெற்றிருந்த செல்வாக்கு முறிந்ததில் தமிழ்நாட்டு ஓட்டுக்கே பெரிய பங்கு உண்டு. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்: பெங்களூரில் அவர் எடுத்த முடிவு பிழை. கிரியை எதிர்க்க அவரிடம் கொள்கைக் காரணம் எதுவும் இல்லை. ஏழைகளின் தலைவர், வங்கிகளை அரசு எடுக்கக் கூடாது என்பவர்களின் இரண்டாவது ஓட்டை எதிர்பார்த்து நிற்கும் நிலைக்கு வந்தது அந்த முடிவால்தான். அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. 1975 அக்டோபர் 2 அன்று தலைவர் திருமலைப் பிள்ளை ரோடு வீட்டில் காலமானபோது அப்பா அங்கே போய், வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் பிற்பாடு இடம் மாறினார்கள். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது இந்திராவின் அரசு. தோற்ற சஞ்சீவ ரெட்டி 1977-இல் போட்டியே இல்லாமல் குடியரசுத் தலைவரானார். 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டபோது அந்தப் பதவியில் இருந்தவர் அவர்தான். கிரி 1980 ஜூனில் சென்னையிலேயே காலமானார்.

2002 குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இரண்டு வேட்பாளர்களும் நம் ஊரோடு தொடர்புடையவர்கள். ஒருவர் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அப்துல் கலாம். மற்றவர் சென்னையில் பிறந்து, ராணி மேரிக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து, நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் படைப்பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி. இரு திராவிடக் கட்சிகளும் கலாமின் பக்கம். இடதுசாரிகள் லட்சுமியின் பக்கம். முடிவு முன்கூட்டியே தெரிந்த தேர்தல்: 9,22,884-க்கு 1,07,366. அதில் தமிழ்நாட்டின் ஓட்டுக்குப் பெருமை இருந்தது, பிடி இல்லை. பிடி இருந்தது 1969-இல்.

அந்தப் பிடியின் அளவு மாறப்போகிறது என்பதால்தான் இதை இப்போது எழுதுகிறேன். இன்று நம் எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு 176. இது 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்டது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நிறைவேற்றிய மாநிலங்கள் அதனால் நஷ்டப்படக் கூடாது என்று 1976-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த எண்ணிலேயே நிறுத்தினார்கள். 2001-இல் அந்த நிறுத்தத்தை நீட்டித்தார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்வரை அது செல்லும். இப்போது உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, நமக்கு 176. இருக்கும் இடங்களை அப்படியே வைத்து 2011 கணக்கெடுப்பால் போட்டுப் பாருங்கள்: அவர்களுக்கு 496, நமக்கு 308. 1971-இல் நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு நூற்றுக்கு ஏழரை; 2011-இல் ஆறு. நிறுத்தம் போய்விட்டால் அடுத்த 1969 வரும்போது நம் படிக்கல் இளைத்திருக்கும்.

மக்களவை இடங்கள் குறையும் என்ற பேச்சு ஊரெங்கும் நடக்கிறது, நல்லது. குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் ஓட்டின் எடையும் அதோடு சேர்ந்தே குறையும் என்பதை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. மைலாப்பூரோ சைதாப்பேட்டையோ தியாகராய நகரோ, உங்கள் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 176 என்ற எண்ணைக் காப்பாற்ற உங்கள் கட்சி என்ன செய்யப்போகிறது?